ஐந்நிலக் கடற்கரை

இத்தாலி நாட்டின் வடமேற்குக் கரையில், ஜெனோவா நகருக்கும் லா ஸ்பெசியா நகருக்கும் இடையே, ஐந்து சிற்றூர்கள் கடலை நோக்கி அமர்ந்துள்ளன. அவற்றை அந்நாட்டார் 'சிங்க்வே தெர்ரே' என்பர். ஐந்து நிலங்கள் என்பது அத்தொடரின் பொருள். ஐந்நிலம் என்னும் சொல் செவியில் விழுந்தபின் ஒரு தமிழாசிரியன் வாளா இருப்பானோ? முல்லை முதலாக நாம் வகுத்துக்கொண்டவை வேறு. அவர்கள் எண்ணியவை ஊர்கள். எனினும், மலை நேரே கடலுள் இறங்கும் அவ்விடத்தில் குறிஞ்சியும் நெய்தலும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. மேலே திராட்சைத் தோட்டம், கீழே மீன்படகு.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில், மிலான் நகரில் பணிபுரியும் எங்கள் மகள் இல்லத்தில் நானும் என் மனைவியும் தங்கியிருந்தோம். "ஐந்து ஊர்களையும் இணைக்கும் கடலோரப் பாதை ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான், அப்பா" என்றாள் மகள். என் மனைவிக்கோ முழங்காலில் நெடுநாள் வலி. ஏறுவதைவிட இறங்குவதே அவளுக்குத் துன்பம். "இரயில் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப நான் வரவில்லை, சிறிது தொலைவேனும் என் காலால் நடப்பேன்" என்று அவள் உறுதியாகக் கூறிவிட்டாள். அவள் நடக்கத்தக்க வழி எது என ஆராய்வது என் பொறுப்பாயிற்று.

மலைநாட்டில் வழியைத் தொலைவால் அளத்தல் போதாது. படியால் அளத்தல் வேண்டும். மான்டெரோசோவிலிருந்து வெர்னாட்சா வரை மூன்றரைக் கிலோமீட்டரே. ஆயினும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவதால் இரண்டு மணி நேரம் ஆகும். நடுவிலுள்ள கொர்னிலியா கடலுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் மேலே, பாறை முடியில் உள்ளது. இரயில் நிலையத்திலிருந்து அவ்வூரை அடைய 380க்கு மேற்பட்ட படிகள்! கால் வலியுடையார்க்கு அங்கே ஒரு சிறு பேருந்தும் உண்டு. கொர்னிலியாவையும் மனரோலாவையும் இணைத்த கடலோரப் பாதையோ நிலச்சரிவால் மூடிக் கிடந்தது. எஞ்சியது மனரோலாவுக்கும் ரியோமஜோரேவுக்கும் இடைப்பட்ட ஒரு கிலோமீட்டர். அது பெரும்பாலும் சமதளமான வழி. அதுவே எங்கள் வழி என முடிவு செய்தேன். ஏனைய ஊர்களுக்கு இரயில் இருக்கிறது. 1874ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அவ்விருப்புப்பாதை மலையைக் குடைந்து செல்கிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்களே.

அவ்வழியின் பெயர் 'காதல் வழி'. இருப்புப்பாதைப் பணியாளர்க்காகப் பாறையில் வெட்டிய தடம், பின்னர் இரண்டூர் இளைஞரும் கண்டு பேசும் இடமாயிற்றாம். அகப்பொருள் கற்பித்தவனுக்கு இதில் வியப்பு இல்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் பாறை சரிந்து நால்வர் காயமுற்றனர், வழி அடைக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டரைச் செப்பனிட்டு முழுமையாகத் திறப்பதற்கு 2024 வரை ஆயிற்று. இப்பொழுது முன்னரே நேரம் குறித்துச் சீட்டுப் பெற்றுச் செல்லவேண்டும்.

பருவத்தையும் எண்ணிப் பார்த்தோம். கோடையில் வெயிலும் கூட்டமும் மிகுதி. இலையுதிர் காலத்து மழையோ அஞ்சத்தக்கது. 2011 அக்டோபர் 25ஆம் நாள் பெய்த பெருமழையில் வெர்னாட்சா, மான்டெரோசோ ஆகிய ஊர்களின் தெருக்கள் சேற்றில் புதைந்தன, உயிர்களும் மாண்டன. ஆகவே மே மாதமே தக்கதாயிற்று. காலணியும் ஒரு சிக்கல். பொருந்தாச் செருப்புடன் மலைப்பாதையில் நடப்போர்க்குத் தண்டம் விதிக்கப்படும் என 2019இல் அறிவித்திருந்தனர். சேலையும் துணிச்சப்பாத்துமாக என் மனைவி புறப்பட்ட கோலத்தைக் கண்டு மகள் சிரித்தாள். அவள் பொருட்படுத்தவில்லை.

ரியோமஜோரேவிலிருந்து நடந்தோம். ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் எஃகு வலை போர்த்த பாறை. இருமுறை அமர்ந்து இளைப்பாறி, ஒரு மணி நேரத்தில் மனரோலாவை அடைந்தோம். அங்கே மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வயல்கள். ஒவ்வொரு வயலையும் சுண்ணமும் சாந்துமின்றி அடுக்கிய கல்வரப்பு தாங்கி நிற்கிறது. கல்லிடுக்கின் வழியே மழைநீர் கசிந்துவிடுவதால் மண் பொறுத்துக்கொள்கிறது. இந்நிலக்காட்சியை 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதனால் மட்டும் வரப்பு நிற்குமோ? சரிந்த கல்லை எடுத்து வைக்கும் உழவன் வேண்டும். இளைஞர் பலர் நகர்ப்புறம் சென்றமையால் பல வயல்கள் காடாயின; கைவிடப்பட்ட வரப்புகள் சரிகின்றன. வரப்பு சரிந்தால் கீழுள்ள பாதைக்கும் ஊருக்கும் கேடு. அறுவடைக் காலத்தில் திராட்சைக் கூடைகளைச் சுமக்க, ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சிறு வண்டிகளைச் சரிவுகளில் அமைத்திருக்கின்றனர்.

என் மனைவி உழவர் குடியிற் பிறந்தவள். கடலைப் பார்த்தவள், திரும்பி மலையையே நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தாள். "இத்தனை கல்லையும் தலைமேல்தானே சுமந்திருப்பார்கள்?" என்றாள். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த இரயிலை விட்டுவிட்டு அதற்கடுத்ததில் போகலாம் என்றேன்.