தை மாதத்து நீலம்

தை பிறந்து கொஞ்ச நாளில் சம்பா அறுப்பு முடிந்து புது நெல் வீட்டுக்கு வந்துவிடும். அரைத்த கையோடு அதைச் சோறாக்க எங்கள் ஊரில் யாரும் விரும்பமாட்டார்கள். புதுப் பச்சரிசி குழையும், பருக்கை ஒன்றோடொன்று ஒட்டும், வயிற்றுக்கும் மந்தம். பொங்கல் பானைக்கு முன்னமே எடுத்தது போக மிச்சத்தை நாள்பட வைத்துத்தான் புழங்குவார்கள். என் அம்மா மட்டும் அந்த ஒட்டுக்காகவே வருஷம் பூராவும் காத்திருப்பாள்.

அரிசி வந்த மறுநாள் விடிகிற நேரத்தில் கொல்லைக்குப் போவாள். வேலி நெடுக சங்குக்கொடி படர்ந்து கிடக்கும். பனியில் நனைந்த பூவைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் கொட்டி, ஒவ்வொரு பூவிலிருந்தும் பச்சைக் காம்பை நீக்குவாள். இதழை மட்டும் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் தண்ணீர் முதலில் வெளுத்த மை போலிருக்கும். இன்னும் கசக்கினால், பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் முன் வானம் கொஞ்ச நேரம் காட்டுகிற நிறம் வரும். அதை வடிகட்டி அரிசியில் ஒரு பங்கை ஊறப்போடுவாள். “எலுமிச்சம்பழம் தொட்ட கையோட யாரும் கிட்ட வராதீங்க” என்பாள். ஒரு சொட்டு பட்டாலும் நீலம் ஊதாவாகிவிடும்.

நீல அரிசியும் வெள்ளை அரிசியும் இட்லிப்பானையில் தனித்தனியே வேகும். பாதி வெந்ததும் இறக்கி, உப்புப் போட்ட கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசறி மறுபடி ஏற்றுவாள். அப்பா பழைய தேக்குப் பலகையில் அடித்துக் கொடுத்த சதுரச் சட்டத்தில் வாட்டிய வாழையிலையை விரித்து, இரண்டு சோற்றையும் அள்ளி அள்ளிக் கலந்து போட்டு, மேலே இன்னொரு இலை, ஒரு பலகை, அதன்மேல் அம்மிக் குழவி. மத்தியானம் வரை யாரும் தொடக்கூடாது. பிறகு கத்தியைத் தண்ணீரில் நனைத்துத் துண்டு போட்டால், வெள்ளைக்குள் நீலம் மேகம் மாதிரி ஓடியிருக்கும்.

இதன் பேர் புளூட் தை தை. அம்மா இதைப் பினாங்கில் கற்றாள்.

அம்மா பிறந்தது பினாங்கு ஜார்ஜ் டவுனில். நானும் அங்கேதான் பிறந்தேன், 1963-இல். சூலியா தெருவிலிருந்து பிரிகிற லவ் லேன் சந்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே ஒரு நியோன்யா பாட்டி இருந்தாள். பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்த சீனர்கள் அந்த மண்ணின் பெண்களைக் கட்டிக்கொண்டு வேரூன்றிய வம்சத்துக்குப் பெரானக்கான் என்று பேர். ‘இங்கேயே பிறந்தவர்’ என்பது அந்தச் சொல்லின் பொருள். ஆண் பாபா, பெண் நியோன்யா. கும்பிடுவது சீனத்துச் சாமியை, உடுத்துவது சரோங்கும் கெபாயாவும், பேசுவது ஹொக்கியனும் மலாயும் கலந்து. சமையலிலும் அப்படித்தான். சீனத்துச் சட்டியில் மலாய்த் தேங்காய்ப்பால் கொதிக்கும், கூடவே நம் புளியும் மஞ்சளும் கொத்தமல்லி விதையும் இருக்கும்.

ஹொக்கியனில் பாட்டியை ‘ஆமா’ என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

பிற்பகலில் ஆமா வீட்டு ஆவி மாடிப்படி ஏறி வரும். தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் சேர்ந்த அந்த வாசனைக்கு எனக்கு இன்றுவரை வேறு உவமை கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் ரம்பை என்கிறோமே, அந்த இலைதான். புது நெல் அவிக்கிற களத்தோரம் நின்றால் அதன் சாயலில் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். தாத்தா கடைத்தெருவிலிருந்து வந்துவிடுவார். மார்க்கெட் தெருவுக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்த பேர் கடைத்தெரு. அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும், அம்மா கொப்பி கலந்து கொண்டுவருவாள். வீட்டு முன்னால் நடைபாதையாக ஓடுகிற அஞ்சடியில் பாய் விரித்து எல்லாரும் உட்காருவோம். நடுவில் நீலக் கரை போட்ட மங்குத் தட்டு. அதில் ஆமா கொடுத்த பலகாரங்கள் இருக்கும். அதற்கு அங்கே பொதுப்பேர் குவே.

ஒன்பது அடுக்குக் குவேயை நாங்கள் கடித்துத் தின்றதே இல்லை. அரிசி மாவும் மரவள்ளி மாவும் தேங்காய்ப்பாலில் கரைத்து, ஒரு கரண்டி ஊற்றி, அது வெந்து இறுகியபின் அடுத்த நிறம், அதன்மேல் அடுத்தது என்று ஒன்பது முறை ஊற்றுவாள் ஆமா. கடைசி அடுக்கு நல்ல சிவப்பு. பொறுமை இல்லாமல் ஒரு அடுக்கை அவசரப்படுத்தினால் இரண்டும் ஒட்டிப்போகும், பிறகு உரிக்க வராது. அடுப்பு முன்னாலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நானும் தம்பியும் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி ஒவ்வொரு அடுக்காக உரித்து நாக்கில் போட்டுக்கொள்வோம். தாத்தாவும் உரித்துத்தான் தின்பார்.

ஒண்டே ஒண்டே வேறு ரகம். பச்சை உருண்டை, மேலே தேங்காய்ப்பூ, உள்ளே குலா மெலாக்கா என்கிற தென்னஞ்சர்க்கரை. வெந்ததில் அது பாகாக உருகியிருக்கும். உதட்டை மூடிக்கொண்டு கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் சட்டையில் தெறிக்கும். ஆங் கூ என்பது சிவப்பு ஆமை. பூப்போட்ட மர அச்சில் அழுத்தி எடுப்பது, உள்ளே பாசிப்பருப்புப் பூரணம். பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் பெற்றவர்கள் ஊருக்குப் பங்கிடுகிற பலகாரம் அது. தம்பிக்கு முப்பது ஆனபோது ஆமாவே தட்டுத் தட்டாகச் செய்து தெருவில் எங்கள் பேரைச் சொல்லிக் கொடுத்தாள். புளூட் தை தைக்குத் தொட்டுக்கொள்ள காயா. முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் ரம்பையும் சேர்த்து, சிறு தணலில் மணிக்கணக்காகக் கிண்டி எடுப்பது. கிண்டுகிற முறை அம்மாவுடையது. கீழே இறங்கிப்போய் ஆமா கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொள்வாள். இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய்தான். பேச்சே இல்லாமல் ஒரு சாயங்காலம் முழுக்க இருவரும் அந்த அடுப்பு முன் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1968-இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. 1969 மே கலவரத்துக்குப் பிறகு நெருக்கடி கூடியது. அப்பாவுக்குச் சீட்டு கிடைக்கவில்லை. 1970-இல் ‘ரஜூலா’ கப்பல் ஏறினோம். கிளம்புகிற அன்று ஆமா அந்த மங்குத் தட்டை, துணியில் சுற்றிய ஒண்டே ஒண்டேயோடு அம்மா கையில் வைத்தாள். கப்பலில் இரண்டாம் நாளே தேங்காய் ஊசிப்போய்விட்டது. அம்மா தூக்கிப் போட மனசில்லாமல் இன்னும் ஒரு நாள் வைத்திருந்தாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நிற்கும், படகில் இறங்கி வரவேண்டும். நாகூர் தர்கா மினாராக்கள் தூரத்தில் தெரிந்ததும் எல்லாரும் கைகூப்பினார்கள். அப்பா அழுதார். அங்கிருந்து ரயிலில் திருவாரூர், பிறகு மாட்டுவண்டி. ஓடம்போக்கி ஆற்றங்கரையில் ஊர். திரண்டு வந்தவர்கள் அம்மாவிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். “வந்துட்டிய, சொந்த ஊருக்குத் திரும்பி வந்துட்டிய.”

அம்மாவுக்கு அப்போது முப்பது வயது. அந்த ஊரை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். கல்யாணம் பினாங்கில் குயின் தெரு மாரியம்மன் கோவிலில் நடந்தது. மாமியார் முகத்தைப் படத்தில் பார்த்திருந்தாள். திரும்புவதற்கு அவள் முன்னே எப்போது வந்தாள்? ஊருக்கு ஏங்குவது என்றால் அக்கரைக்குப் போனவர்கள் இக்கரைக்கு ஏங்குவது என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் கடிதமும் பாட்டும் கண்ணீரும் இருந்தன. இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கத்துக்கு ஏங்கியவளின் ஏக்கத்தை வைக்க இடமே இல்லை. சொன்னால் நன்றிகெட்ட பேச்சாகத் தோன்றும். அம்மா சொல்லவில்லை. அடுப்பில் காட்டினாள்.

அவளுக்குத் தேவையான எல்லாமே இந்தத் தஞ்சை மண்ணில் கிடந்தன. தேங்காய் கொல்லையிலேயே காய்த்தது. மரவள்ளி சந்தையில் கிடைத்தது. தென்னஞ்சர்க்கரை இல்லையென்றாலும் வீரமாங்குடி அச்சு வெல்லம் இருந்தது. ரம்பை மட்டும் எங்கள் ஊரில் இல்லை. பினாங்கில் எங்களுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்துவிட்டு வந்த ஒரு குடும்பம் நாகூரில் இருந்தது. கந்தூரிக்குப் போகும்போது அவர்கள் வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்ந்த ரம்பையிலிருந்து ஒரு கட்டு அறுத்துத் தருவார்கள். “பசியாறிட்டுத்தான் போவணும்” என்று உட்காரவைத்து வட்டிலப்பம் வைப்பார்கள். நோன்பு மாதமென்றால் கடல்பாசி. அம்மா அதை அகர் அகர் என்பாள், அது மலாய்ச் சொல். அந்த வீட்டில் மட்டும் அம்மாவின் பேச்சு வேகம் மாறும், சத்தம் கூடும், கையை ஆட்டிப் பேசுவாள். எனக்கு அது பிடித்திருந்தது.

கிடைக்காதது ஒன்றுதான், புளூட் என்கிற பசையரிசி. இத்தனை வயல் இருக்கிற சீமையில் அந்த ஓர் அரிசி இல்லை. இரண்டு வருஷம் எதையெதையோ செய்து பார்த்தாள், சோறு உதிர்ந்துபோனது. மூன்றாவது வருஷம் தையில், குழைந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் ஒதுக்கிய புதுச் சோற்றை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு அம்மா வெகுநேரம் நின்றாள்.

இந்த இரண்டு கரைக்கும் நடுவே போக்குவரத்து நேற்று தொடங்கியதில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிற ஆனைமங்கலத்தை, ஸ்ரீவிஜய அரசன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்தான். அவன் மகன் 1025 வாக்கில் படையோடு போனது கடாரத்துக்கு. அந்தக் கடாரம்தான் கெடா, பினாங்குக்கு எதிர்க்கரை. வெகுகாலம் கழித்துப் போன தமிழ் வியாபாரிகள் சிலர் மலாக்காவிலேயே தங்கி அந்த ஊர்ப் பெண்களைக் கட்டினார்கள். அவர்கள் வம்சம் மலாக்கா செட்டிகள். தமிழ்ப் பெரானக்கான்கள் என்றே சொல்லலாம். அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகமூர்த்தி கோவில் 1781-இல் கட்டியது, அப்போது மலாக்கா டச்சுக்காரர் வசம் இருந்தது. அதே வருஷம்தான் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள்.

2014 போகியன்று மலாக்காவில் காஜா பெராங் கம்பத்தில் (கிராமத்தை அங்கே கம்பம் என்பார்கள்), தெரிந்தவர் மூலமாக ஒரு செட்டி வீட்டில் படையல் பார்த்தேன். அவர்கள் அதைப் பார்ச்சு என்கிறார்கள். காதில் விழுந்ததும் ‘படைச்சு’ என்று எனக்குள் கேட்டது. முன்னோருக்குத் தலைவாழை இலை போட்டிருந்தார்கள். இலையில் நாசி லெமா, மீன் குழம்பு, சம்பல், பழம், அதோடு வரிசையாகக் குவே. வீட்டுப் பெண்கள் கெபாயா உடுத்து நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். மலாயில் பேசிக்கொண்டே விழுந்து கும்பிட்டார்கள். அம்மா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. இந்த வீட்டை அவள் பார்த்திருக்க வேண்டும் என்று நெஞ்சு அடைத்தது. இப்படியும் தமிழச்சியாக இருக்க ஒரு வழி உண்டென்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அங்கிருந்து பினாங்குக்கும் போனேன். லவ் லேனில் எங்கள் வீடு தங்கும் விடுதியாகியிருந்தது. ஜார்ஜ் டவுனை 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமாக்கியபின் சந்தெல்லாம் பயணிகள். ஒரு கடையில் புளூட் தை தை கிடைத்தது. நிஜமான பசையரிசி, நிஜமான காயா, ஒரு குறையும் இல்லை. பாதிக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை. விறகுப் புகை இல்லை, புது நெல் வாசம் இல்லை, வாட்டிய வாழையிலையின் பசுமை ஏறவில்லை. என் நாக்கு அம்மா செய்ததையே தேடிக்கொண்டிருந்தது.

அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அப்பாவின் அம்மா. ஊர் எல்லை தாண்டாதவள். முதல் வருஷம் நீலத் தண்ணீரைப் பார்த்து அவளுக்குப் பதறிப்போனது. “சிவனுக்குச் சாத்துற பூவைச் சோத்துல போட்டுட்டியேம்மா” என்றாள். அம்மா ஒன்றும் பேசாமல், மறுவருஷம் முதல் கை பூவை மாடத்துச் சாமிக்கு வைத்துவிட்டு மிச்சத்தைக் கசக்கினாள். அதன்பிறகு அப்பாயி தடுக்கவில்லை, தொடவும் இல்லை. காயாவில் முட்டை, அது அவளுக்கு ஆகாது. சோற்றைத் தனியாக அச்சு வெல்லத்தோடு தின்னலாம் என்று நான்தான் ஊட்டிவிட்டேன். மென்றுவிட்டு, “பேரு என்ன சொன்னே?” என்று கேட்டாள். தை தை என்றேன். “தை மாசத்துச் சோறு, அதான் தைதை” என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பிடித்தது. ரஜூலாவுக்குப் பிறகு நாகைக்கும் பினாங்குக்கும் ஓடிய கப்பல் அது. அதோடு அந்தக் கப்பல் பயணமே நின்றுபோனது. செய்தியை அப்பா வாசித்தபோது அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அன்றும் மறுநாளும் அவள் அதிகம் பேசவில்லை. அந்த வருஷம் மாசி பிறந்தும் புது அரிசி மூட்டை பிரிக்காமல் கிடந்தது.

மூன்றாம் நாள் விடிகாலையில் கொல்லைக்கதவுச் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பாயிக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது, வேலிவரை தடி ஊன்றித்தான் போகமுடியும். முந்தானை நிறைய சங்குப்பூவோடு வந்து, அம்மா படுத்திருந்த பாயருகே நின்றாள்.

“எழுந்திரும்மா. ஒங்க ஊருச் சோத்துக்குப் பூ பறிச்சாந்திருக்கேன்.”

ஒங்க ஊர். பதினைந்து வருஷத்தில் இக்கரையில் யாரும் அம்மாவிடம் அப்படிச் சொன்னதில்லை. அம்மா எழுந்து கூந்தலை முடிந்துகொண்டு முறத்தை எடுத்து வந்தாள். இருவரும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து காம்பு நீக்க ஆரம்பித்தார்கள்.