அளவுக் கொப்பியும் வன்தட்டும்

2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கிடைத்துவந்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுபோயின. சோனகத் தெருவில் எங்கள் வீட்டில், வாப்பாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய கணினியும் எக்ஸ்பியில்தான் இயங்கியது. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிப்பவள் என்பதால், அதை விண்டோஸ் 7க்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரு பின்னேர வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் வன்தட்டைப் பார்த்ததும் யோசிக்க வேண்டியதாயிற்று. அது சி, டி என இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டிலும் இருந்தது ஃபற் 32 என்ற கோப்பு முறைமை. எந்தக் கோப்பு தட்டில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பதுதான் கோப்பு முறைமையின் வேலை. அந்தக் கணக்குக் குழம்பினால், படம் தட்டிலே இருந்தும் நமக்கு இல்லாததுதான்.

சி பகுதியில் எனக்குத் தெரிவு இருக்கவில்லை. விண்டோஸ் 7 தன்னை நிறுவிக்கொள்ள என்.ரி.எப்.எஸ். முறைமையையே கேட்கும். டி பகுதியை அப்படியே விடுவதா, அதையும் மாற்றுவதா என்பதுதான் கேள்வி.

அந்த டி பகுதியில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியால அவகாசம். உம்மும்மா காணி உறுதியை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்டார். "திரும்பி வருவம்தானே எண்டு அல்பத்தை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினன் புள்ள" என்று இன்றும் சொல்வார். புத்தளத்தில் இருபது வருடங்கள் கழிந்தன. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரியும் இல்லை. பிறகு புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் உள்ள சொந்தக்காரர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து சேர்த்த படங்கள்தான் டி பகுதியில் இருந்தன. உம்மும்மாவின் கலியாணப் படம் ஒன்றே ஒன்று, அதுவும் அங்கேதான்.

முதலில், அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு இடம் கொடுக்காதது ராத்தாவின் கலியாண வீடியோ. மாமா கொண்டுவந்த அந்தக் கோப்பு 5 ஜிகாபைற்றுக்கு மேல். டி பகுதியில் தாராளமாக இடம் இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுத்துவிட்டது. ஒரு கோப்பின் அளவைக் குறிப்பதற்கு ஃபற் 32இல் 32 பிற்றுகளே உண்டு. அதனால் 4 ஜிகாபைற்றைத் தாண்டிய தனிக் கோப்பை அதனால் ஏற்க முடியாது.

இரண்டாவது காரணம் மின்சாரம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் ஃபற் 32இன் கணக்கு அரைகுறையாக நின்றுவிடக்கூடும். என்.ரி.எப்.எஸ்., தான் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. மின் திரும்பியதும் அந்தக் குறிப்பைப் பார்த்து, வேலையை முடிக்கும் அல்லது பழைய நிலைக்குப் போகும்.

இதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் சிரித்தார். "இது எங்கட அளவுக் கொப்பிதானே! கொப்பியில எழுதாமல் நான் துணியில கத்தரிக்கோல் வைக்கிறேல்ல" என்றார். ஆனாலும் அந்தப் பதிவேடு காப்பது தட்டின் ஒழுங்கைத்தான். நாம் அழித்த படத்தையோ, பழுதாகிப்போன தட்டையோ அது மீட்டுத் தராது.

கோப்புகளை அழிக்காமலே ஃபற் 32ஐ என்.ரி.எப்.எஸ். ஆக்க விண்டோஸில் 'கொன்வேர்ட்' என்ற கட்டளை உண்டு. ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது ஒருவழிப் பாதை. மீண்டும் ஃபற் 32 வேண்டுமென்றால் தட்டை வெறுமையாக்கியே தீர வேண்டும். இஷாவுக்குப் பிறகு அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு, "இப்ப மாத்தப்போறன்" என்றேன்.

உம்மும்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டு, "பிழைச்சா என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. கட்டளையை அழித்தேன். அடுத்த நாள் மாமாவின் கையடக்க வன்தட்டை வாங்கி, எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்தேன். எண்ணிக்கை சரியா என்று பார்த்தேன். படங்களை அதிலிருந்தே திறந்து பார்த்தேன். அதன் பிறகுதான் விண்டோஸ் 7ஐ நிறுவி, டி பகுதியையும் என்.ரி.எப்.எஸ். முறையில் புதிதாகப் போமற் செய்து, படங்களைத் திருப்பி வைத்தேன். ராத்தாவின் வீடியோவும் ஏறியது.

தோழிகளே, எந்தக் கோப்பு முறைமை நல்லது என்று என்னிடம் கேட்டால், பெரிய கோப்புகள் உள்ள வீட்டுக் கணினிக்கு என்.ரி.எப்.எஸ். என்பேன். ஆனால் அதற்கு முன்னர், வேறொரு பிரதி இருக்கிறதா என்று நான் உங்களிடம் கேட்பேன்.

மாமா புத்தளத்துக்குப் புறப்பட்ட அன்று, அந்தக் கையடக்க வன்தட்டை உம்மும்மாவின் கையில் கொடுத்தேன். எல்லாப் படங்களும் இதற்குள் இருக்கின்றன என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்டைக்கு அல்பம் இந்தளவாய் இருந்திருந்தால், உறுதியோட சேர்த்து இடுப்பில சொருகியிருப்பன்" என்றார்.

பிறகு அதை மாமாவிடம் நீட்டி, "ஒண்டு இங்க இருக்கட்டும். ஒண்டு அங்க இருக்கட்டும்" என்றார்.