பொதுப் பணப்பை

பாலிக் புலாவில் பிறந்தவர்களுக்கு மலைப்பாதை புதிதல்ல. ஆயர் ஈத்தாம் பக்கம் போனாலும் வளைவு, தெலுக் பஹாங் பக்கம் போனாலும் வளைவு. இருந்தும், நீண்ட விடுமுறை கிடைத்தால் கெந்திங் போக வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே நாங்கள் நால்வரும் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு சரி. கல்யாணம், பிள்ளைகள், ஷிப்ட் வேலை என்று வருடங்கள் ஓடிவிட்டன.

2025 செப்டம்பர் 15, திங்கட்கிழமையும் விடுமுறை என்று பிரதமர் அறிவித்தார். மறுநாள் மலேசிய தினம். சனி, ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள்! வாட்ஸ்அப்பில் டீச்சர் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினாள்: “கெந்திங்?”

டீச்சர், நர்ஸ், கேட்டரிங் நடத்தும் தமிழ் முஸ்லிம் தோழி, அப்புறம் வானொலியில் பேசிப் பிழைக்கும் நான். பெயர் போடக்கூடாது என்று மூவரும் சொல்லிவிட்டதால் தொழிலையே பெயராக வைத்திருக்கிறேன். நர்ஸ் படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் இதை அனுப்புகிறேன்.

ஆளுக்கு 400 வெள்ளி போட்டு ஒரு பொதுப் பணப்பை வைத்தோம். கணக்கில் கெட்டிக்காரி நர்ஸ்தான், அதனால் அவளிடம் கொடுத்தோம். பத்து மாவுங்கில் இரண்டாவது பாலம் ஏறி, நெடுஞ்சாலையில் தாப்பாவில் நின்று நாசி லெமாக் சாப்பிட்டு, கோலாலம்பூர் நெரிசலைத் தாண்டி மலையேறும்போது மாலையாகிவிட்டது.

அந்தச் சாலைக்கே ஒரு கதை உண்டு. லிம் கோ தோங் என்ற குத்தகைக்காரர் 1960களில் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை செய்துகொண்டிருந்தார். இதே குளிர் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 1965இல் தொடங்கிய சாலை வேலை முடிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. 1969 மார்ச் 31 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்ட, 1971இல் முதல் ஹோட்டல் திறந்தது. நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ இன்றுவரை அங்கேதான்.

முதல் இரவு அதற்குள் போகலாம் என்று சொன்னது நான்தான். இதை இங்கே எழுதாவிட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். வாசலில் அறிவிப்பு இருந்தது: 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அனுமதி இல்லை. “நீங்க போயிட்டு வாங்கடி, நான் ஒரு தே தாரேக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்” என்றாள் கேட்டரிங்காரி.

உள்ளே ரூலெட் மேசையில் சிவப்பில் 50 வெள்ளி வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. நூறு வெள்ளி லாபம்! நர்ஸின் கையில் ஒரு சிப்பைத் திணித்து, “சும்மா வெச்சுப் பாருடி” என்றேன். அவள் தோற்றாள். நாங்கள் சிரித்தோம். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

எங்கள் அப்பா நாலு நம்பர் வாங்கும் ஆள். ரோட்டில் கார் கவிழ்ந்து கிடந்தால் அடிபட்டவரைப் பார்ப்பதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். அதை வைத்து வானொலியில் எத்தனையோ முறை நகைச்சுவையாகப் பேசியிருக்கிறேன்.

அன்று இரவு இரண்டு மணிக்கு விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலி. விடிய ஐந்தே முக்காலுக்கு வந்தாள். “தூக்கம் வரல, நடந்துட்டு வந்தேன்” என்றாள். நம்பினேனா? நம்புவது வசதியாக இருந்தது.

மறுநாள் கேபிள் காரில் இறங்கி சின் சுவீ கோயிலுக்குப் போனோம். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இருக்கிறாரே, அதே சோர் சூ கோங் சாமிதான் இங்கும். சீனாவின் ஆன்சியில் வாழ்ந்த துறவி அவர். லிம் கோ தோங்கின் பூர்வீக ஊரும் அதுவே. பாறைச் சரிவில் இந்தக் கோயிலைக் கட்டி முடிக்க 18 ஆண்டுகள் பிடித்ததாம். நம்ம ஊர்ச் சாமியை இங்கே பார்த்ததில் எனக்கு ஏக சந்தோஷம். நர்ஸ் மட்டும் பனிமூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். படம் எடுக்கக் கூப்பிட்டால் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டும்போதுதான் பொதுப் பணப்பை காலி என்று தெரிந்தது. அவளுடைய கார்டும் வேலை செய்யவில்லை. கேட்டரிங்காரி ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய்க் கட்டிவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில், தாப்பாவில், காரை விட்டு இறங்காமலே நர்ஸ் சொன்னாள். பொதுப் பணத்தில் மிச்சமிருந்த 1,100 போயிற்று. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த 4,200ம் போயிற்று. “ஒரு நேரத்துல ஜெயிச்சேன்டி. எண்ணூறுக்கு மேல. அப்பவும் எழுந்திரிக்கல.”

முதலில் அவளை உள்ளே கூட்டிப்போனது யார் என்று காரில் யாரும் கேட்கவில்லை. ஈப்போ தாண்டும் வரை டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் பார்த்தேன். நிகழ்ச்சி தயாரிக்கும் பழக்கம், விடாது. ஒரு பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். எண் சரியாக விழுந்தால் ஒன்றுக்கு 35 கிடைக்கும். அந்த இடைவெளியால், வைக்கும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் சராசரியாக 2 வெள்ளி 70 காசு மேசைக்கே போகிறது. நர்ஸ் ஆடிய பாக்கரட்டில் பேங்கர் பக்கம் வைத்தால் நூற்றுக்கு ஒரு வெள்ளி சொச்சம்தான். அவ்வளவு குறைவா என்று முதலில் தோன்றும். ஆனால் அதே நூறு வெள்ளியை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வைக்கிறோம்? அவள் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள்.

கேசினோவுக்குள் தன்னை விடக்கூடாது என்று நாமே எழுதிக் கொடுக்கும் வசதி இருப்பதை டீச்சர் கண்டுபிடித்து அனுப்பினாள். “நான்தான் இனிமே போகப்போறதில்லையே, அது எதுக்கு?” என்று பதில் வந்தது. நாங்கள் மூவரும் சேர்த்துக் கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டாள். வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஆபரேஷன் டிசம்பரில்தான் நடந்தது. “டாக்டர் லீவும்மா” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். மூன்று மாதம் அந்த அம்மா டீவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சீரியல் பார்த்தார். தீபாவளிக்குப் போனபோது என்னைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். “ரேடியோ பிள்ளை வந்துட்டா” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

விடுமுறை முடிந்து மைக் முன்னால் உட்கார்ந்தபோது, “லீவு எப்படி இருந்துச்சுக்கா?” என்று ஒரு நேயர் கேட்டார். குளிர் நன்றாக இருந்தது என்றேன்.

அக்டோபரிலிருந்து ஒரு ஏற்பாடு. சம்பளம் போட்ட அன்றே, 25ஆம் தேதி, நர்ஸ் என் கணக்குக்கு 300 வெள்ளி அனுப்புவாள். அவள் கேட்டாலும் நான் தனியாகத் திருப்பித் தரக்கூடாது. டீச்சரும் சரி என்று சொல்ல வேண்டும். இது அவளே போட்ட விதி. ஜனவரி வரை ஒரு மாதமும் தவறவில்லை.

இந்த மாதப் பணம் இன்னும் வரவில்லை. இன்று 27. கூப்பிடலாமா என்று காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.