ஓலைக்குப் பொருந்துகிற சீலை

பனங்குருத்தோலை காய்ந்தபின் வருகிற நிறம் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்டது. உற்றுப் பார்த்தால் உள்ளே மெல்லியதாக ஒரு பச்சையும் ஓடும். அந்த நிறத்தைக் கெடாமல் கைத்தொலைபேசி வழியாகப் பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில் நான் சந்தித்த பெண்களுக்கு இன்று பெரிய வேலை. ஓலை இழைக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இழைத்ததை நேரலையில் விற்க நிற்கும்போது என்ன உடுப்பது என்பதைத்தான் அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பண்ணைப் பாலம் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டிப் போனேன். சோளகம் வீசுகிற காலம். விறாந்தையில் பாயை விரித்து ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் ஈர்க்கு நீக்க, இன்னொருவர் சத்தகத்தால் ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்துகொண்டிருந்தார். மூடுபெட்டி, நீத்துப்பெட்டி, கொட்டப்பெட்டி, சுளகு என்று முடிந்தவை ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. கடகம் பொத்துகிற அம்மா மட்டும் தள்ளி, சுவரோடு சாய்ந்து இருந்தார். அவர் விரலுக்கு நார் வழுக்குவதே இல்லை.

மாலை நாலரைக்கு நேரலை. அந்த நேரத்தை அவர்கள் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். கோடையில் அப்போது பாரிஸில் பகல் ஒரு மணி, ரொறன்ரோவில் காலை ஏழு. சனிக்கிழமையென்றால் இரண்டு இடத்திலும் சனம் வீட்டில் இருக்கும். தீவுகளிலிருந்து போனவர்கள் அந்த நகரங்களில்தான் நிறைய. இரவில் போட்டால் மின்குமிழ் வெளிச்சத்தில் ஓலை நீலம் பாரித்துப் போகிறது. உச்சி வெயிலில் போட்டால் இழையே தெரியாமல் வெளிறிவிடுகிறது. நாலரைக்கு விறாந்தை நிழலில் விழுகிற வெளிச்சம்தான் ஓலைக்கு இதம்.

தொடக்கத்தில், விற்க நிற்கிறவர் பட்டுச்சீலை உடுத்தி, சரிகைத் தலைப்பு விட்டு, கை நிறையக் கண்ணாடிக் காப்புப் போட்டுத்தான் நின்றிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தபோது சரிகை மட்டும் மின்னியிருக்கிறது.

"பெட்டி எங்கை எண்டு எங்களுக்கே தெரியேல்லைத் தங்கச்சி. காப்புச் சத்தத்திலை விலை சொன்னதும் கேக்கேல்லை" என்றார் அன்று நின்ற அக்கா.

இதற்குக் காரணம் கமராவுக்குள் இருக்கிறது. போன் கமரா தன் முன்னே உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வெளிச்சத்தைத் தானே கூட்டும், குறைக்கும். சீலை கறுப்பாக இருந்தால் காட்சி முழுக்க இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஓலை வெந்து வெளிறும். நிறத்திலும் இதே கதைதான். கடும் சிவப்புச் சீலை திரையில் பெரும் பங்கை அடைத்து நின்றால், கமரா அந்தச் சிவப்பைச் சமப்படுத்தப் பார்க்கும். அதனால் ஓலையில் நீலமும் பச்சையும் ஏறும். நுண்ணிய கட்டமும் நெருக்கமான கோடும் திரையில் அலையலையாக நெளியும். தொலைக்காட்சி நிலையங்களில் அறிவிப்பாளரை அப்படிப்பட்ட துணி உடுத்த விடாததற்கு அதுதான் காரணம்.

தீவில் இன்னொன்றும் சேர்கிறது. சிக்னல் குறைகிற நேரத்தில் வீடியோ தன்னைச் சுருக்கிக்கொண்டுதான் போகும். பூப்போட்ட சீலை காற்றில் ஆடினால், கிடைக்கிற கொஞ்சத் தரவையும் அந்தப் பூக்களே தின்றுவிடும். பெட்டியின் இழைகள் கட்டம் கட்டமாகக் கலங்கிப் போகும். பூவில்லாத ஒற்றை நிறச் சீலை, தலைப்பைச் செருகி ஊசி குத்தி ஆடாமல் நின்றால், பெட்டிக்கு அந்தப் பங்கு மிஞ்சும். இதை யாரும் அவர்களுக்குப் படிப்பிக்கவில்லை. ஒவ்வொரு பதிவையும் திரும்பப் போட்டுப் பார்த்தே சாம்பல் கலந்த நீலப் பருத்திச் சீலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். முழங்கை வரை சட்டைக் கை. காப்பும் மோதிரமும் இல்லை. மோதிரம் ஓலையைக் கீறும் என்பதால் இழைக்கும்போதே அவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள்.

தொலைக்காட்சியில் பொருள் விற்கிற தொழில் உடையைப் பற்றிக் கவலைப்படாத இடத்தில்தான் பிறந்தது. 1977இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு வானொலி நிலையம். விளம்பரக் காசு கட்ட முடியாத ஒருவர், பதிலுக்கு 112 மின்சார டின் திறப்பான்களைக் கொடுத்தார். பொப் சேர்கொஸ்ரா என்ற அறிவிப்பாளர் அவற்றை ஒலிபரப்பிலேயே கூவி விற்றுத் தீர்த்தார். அந்த நிலையத்தின் உரிமையாளர் பட் பாக்ஸனின் முயற்சியில்தான் 1982இல் அங்கே உள்ளூர்த் தொலைக்காட்சியில் விற்பனை அலைவரிசை வந்தது. 1985இல் நாடு முழுக்கப் போனது. திரை வந்ததோடு விற்பவரின் உடையும் கூடவே வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் தொலைக்காட்சி உடை என்றாலே செய்தி வாசிக்கிறவரின் சீலைதான் நினைவுக்கு வரும். சென்னைத் தூரதர்ஷனில் ஷோபனா ரவி இன்றைக்கு என்ன சீலை என்று பார்ப்பதற்காகவே செய்திக்கு முன்னால் இருந்தவர்கள் உண்டு. செய்தியை அந்தச் சீலை மறைக்காது. அது காதால் வருவது. பொருள் விற்பது வேறு. இன்று தமிழ் அலைவரிசைகளில் நகையும் சட்டிபானையும் விற்கிற நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர் கல்யாணப் பெண்ணைப்போல் வந்து நிற்கிறார். பார்த்து முடித்தபிறகு அவர் உடுத்தது நினைவிருக்கிறது, விற்றது நினைவில் இல்லை. வேலணைப் பெண்கள் இவர்களைவிட நல்ல விற்பனையாளர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் கடைகளில் ஓலைப்பெட்டி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்து அமத்திப் பார்ப்பார்கள், விளிம்பைத் தடவுவார்கள், மணந்தும் பார்ப்பார்கள். கடைக்காரர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று யாருக்குக் கவலை? திரையில் வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்காகத் தொட்டுப் பார்ப்பது விற்கிறவரின் கைதான். ஆகவே நேரலையில் மிக முக்கியமான உடை அந்தக் கை. நகப்பூச்சு இல்லாத, சத்தகம் பட்ட தழும்போடு கூடிய கை பெட்டியின் அடியை அமத்திக் காட்டும்போது, இவர்தான் இழைத்தார் என்பது எவருக்கும் விளங்கும்.

சீலைதான் வேண்டுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

"நாள் முழுக்க நைற்றியோடைதானே இழைக்கிறம். போனுக்கு முன்னாலை மட்டும் ஏன் வேறை ஆளா நிக்கவேணும்?" என்றாள் ஓலைக்குச் சாயம் போடுகிற இளம்பெண்.

"உனக்கென்ன பிள்ளை, பாக்கிற சனம் சும்மா விடுமோ?" என்றார் மூத்தவர்.

நான் இளையவள் பக்கம். உடை பெட்டியோடு போட்டி போடாமல், கைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும். மற்றது உடுக்கிறவளின் இஷ்டம். பாவாடை தாவணியில் நின்றால்தான் ஊர் மாதிரி இருக்கும் என்று வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்களாம். ஊர் இப்போது பாவாடை தாவணியில் இல்லை. அவர்களுடைய நினைவுக்கு வேஷம் போடுகிற கடமை இந்தப் பெண்களுக்கும் இல்லை.

கடகம் பொத்துகிற அம்மாவின் விஷயம்தான் என்னை அதிகம் பாதித்தது. கணவரை யுத்தத்தில் இழந்தவர். வெளிறிய சீலைகள்தான் உடுப்பார். நீண்ட காலம் அவருடைய கை மட்டும்தான் திரையில் வந்தது. நெற்றி வெறுமையாக இருக்கிற ஒருத்தி விற்பனைக்கு முன்னால் நிற்பது சரியில்லை என்று அவரே ஒதுங்கியிருந்தார். வேறு யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரை முன்னால் வரச் சொல்லவும் இல்லை. ஆனால் கடகத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல அவரால்தான் முடியும். எந்த நார் எவ்வளவு காலம் நிற்கும், உள்ளோலை எது வெளியோலை எது என்பதெல்லாம் மற்றவர்களுக்கு அரைகுறைதான். ஒருநாள் கேள்விக்குமேல் கேள்வி வர, இருந்தபடியே முன்னால் வந்திருக்கிறார். வெளிறிய சீலையில் வெள்ளோலைக் கடகத்தின் விளிம்பு கரைந்து காணாமல் போய்விட்டது. பதிவைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னாராம், "இது சரிவராது, நீலத்தைத் தாங்கோ" என்று.

1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்த காலத்திலிருந்து ஓலை வேலைக்குப் பயிற்சி என்றால் இழைப்பதும் சாயம் போடுவதும் புது வடிவங்களும்தான். இனி அதில் கமராவும் வெளிச்சமும் உடையும் சேரவேண்டும். ஊர்காவற்துறையிலும் நெடுந்தீவிலும் இழைக்கிற பெண்கள் ஒவ்வொருவரும் பட்டுச்சீலையில் தொடங்கித் தட்டுத்தடுமாறி வரத் தேவையில்லை. வேலணையில் கண்டுபிடித்ததை ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுக்கிறவராக அந்த அம்மாவையே கூப்பிடலாம்.

நான் புறப்படுகிற நேரம் அவர்கள் அடுத்த சனிக்கிழமைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். நீலமும் ஊதாவும் போட்ட ஓலையில் இழைத்த பெட்டிகளைக் காட்டப்போகிறார்கள். நீலச் சீலையோடு அவை ஒட்டிப்போகும். என்ன உடுப்பது என்று பேச்சு எழுந்தது. கடகத்துக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்:

"என்னட்டை ஒரு மஞ்சள் சீலை கிடக்கு. கலியாணத்துக்குப் பிறகு எடுத்தது. அதைப் போட்டுப் பாப்பம். பெட்டி வடிவாத் தெரிஞ்சால் அதோடை நிக்கிறன்."