மெசினைப் பார்த்தோம், கையைப் பார்க்கவில்லை

போன மாரியில் ஒரு காற்றுமழை இரவு, பக்கத்து வளவு வேம்பு எங்கட குசினிக்கு மேல விழுந்தது. ஓடுகள் உடைந்ததோடு தப்பினோம். விடிய எழும்பி அதை வெட்டி எடுக்க ஆள் தேடினால், ஊரில் செயின் சோ வைத்திருக்கிற மூன்று பேருமே வேறு வளவுகளில் நின்றார்கள். எங்கட முறை வர நாலு நாள். அந்த நாலு நாளும் அம்மா கொப்புகளுக்குக் கீழே குனிந்து போய்த்தான் உலை வைத்தார். ஐந்தாம் நாள் வந்தவர் இரண்டு மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டு, தம்பி இரண்டு நாள் உழைக்கிற காசை வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு சாப்பிடேக்க தம்பி சொன்னான்: "நாங்களும் ஒண்டு வாங்குவம்."

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒராள் கம்பசில் கலைப்பீடம். மற்றாள் ஓ.எல். எடுத்ததோடு பள்ளிக்கூடத்தை விட்டிட்டு, மரம் தறிக்கிறவர்களோடு உதவிக்குப் போய்வருகிற தம்பி. கையில் இருந்தது அம்மா சீட்டில் எடுத்த ஒரு லட்சத்து இருபதாயிரம். புதுசாய் ஒரு தரமான தொழில் மெசின் அந்தக் காசுக்கு வராது. மிச்சம் இரண்டு வழி. கடையில் பெட்டியோடு கிடைக்கிற மலிவான புது மெசின், இல்லாவிட்டால் ஆரோ பாவித்த நல்ல மெசின்.

வன்னியில் ஆரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "பழசை எடு. அது அந்தக் காலத்து இரும்பு." இதை எல்லாரையும் விட உறுதியாகச் சொன்னவர் மாமா. இருபது வருசத்துக்கு மேல் மரம் தறித்தவர். இப்ப தறிக்கிறதில்லை. ஆனால் ஒரு மெசின் ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை ரோட்டில் நின்று கேட்டே அதின்ர வருத்தத்தைச் சொல்லுவார். அவரையே கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். ஒரு கிழமையில் மூன்று மெசின் பார்த்தோம்.

முதலாவது, போனில் விளம்பரம் பார்த்துப் போனது. ஸ்டில் 070 என்று போட்டிருந்தார்கள். இந்த மாடலின் பெயர் தெரியாத மரக்காலை இங்கே இருக்காது. 1960களின் கடைசியில் வந்த ஜெர்மன் மெசின், 106 சிசி, சும்மா தூக்கவே பத்துக் கிலோவுக்கு மேல் வரும். வேகம் குறைவு, இழுவை கூட. பெரிய அலகைப் போட்டு முதிரையிலோ பாலையிலோ விட்டால் தடக்காமல் போகும். அவ்வளவு பெயர் இருப்பதாலேயே அதைப் பார்த்து அச்சடித்த மாதிரி போலிகளும் நிறைய. மாமா சைலன்சரைக் கழட்ட குறடு எடுக்க முதலே, எங்களில் படிக்கிற ஆள் ஸ்டிக்கரில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டது. பிறகு பார்த்தால் உடம்பில் சீரியல் நம்பரே இல்லை, வார்ப்பின் ஓரமெல்லாம் அரம் போடாத மாதிரிச் சொரசொரப்பு. "கலைப்பீடமும் ஒண்டுக்கு உதவுது," என்றார் மாமா. விற்க வந்தவர் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது மெசின் புளியங்குளம் பக்கம், தொழிலை விட்டுவிட்ட ஒரு பெரியவரின் கொட்டிலில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. இது அசல். மாமாவின் வயதில் முக்கால்வாசி இருக்கும். பாவித்த மெசினை எப்படிப் பார்க்கிறது என்று நாங்கள் படித்தது அந்தக் கொட்டிலில்தான். வாங்க நினைக்கிற ஆருக்கும் உதவும் என்பதால் அதை அப்படியே எழுதுகிறோம்.

போன உடனே எஞ்சினில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாங்கள் வர முதலே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகாத மெசின் சூட்டில் ஆகும், அந்த வருத்தத்தை மறைக்க இது லேசான வழி. அடுத்தது அமுக்கம். இழுக்கிற கயிற்றின் பிடியில் மெசினைத் தொங்க விட்டால், நல்ல எஞ்சின் விக்கி விக்கி மெல்ல இறங்கும். கிணற்றுக்குள் வாளி விழுகிற மாதிரி ஒரே இழுவையில் இறங்கினால் ரிங்கோ சிலிண்டரோ போயிருக்கும். அளக்கிற மானி இருந்தால் 150ஐத் தாண்டிக் காட்டுவது நல்லது, நூறை ஒட்டினால் விட்டிட்டு வரலாம்.

பிறகு சைலன்சரைக் கழட்டி, புகை வாற ஓட்டைக்குள் ரோர்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் வழுவழுப்பாய் மினுங்கினால் நல்லம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழித்திருந்தால், ஆரோ ஒயில் கலக்காமலோ, குறைத்துக் கலந்தோ ஓட்டி இறுக்கியிருக்கிறார்கள். வெளியே எவ்வளவு பெயின்ற் அடித்தாலும் அந்தக் கோடு பொய் சொல்லாது. காற்றாடிச் சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது, ஆடினால் பெயரிங் போச்சு. சும்மா ஓடேக்க சங்கிலி சுற்றக் கூடாது. எஞ்சின் தன்ர பாட்டில் ஏறி இறங்கி ஓடினால் எங்கேயோ காற்று இழுக்குது. கடைசியாக அலகின் நுனியை ஒரு காட்போட் மட்டைக்கு நேரே பிடித்து முறுக்க வேண்டும். மட்டையில் மெல்லிய ஒயில் கோடு விழுந்தால் சங்கிலிக்கு ஒயில் போகுது.

பெரியவரின் மெசின் இதெல்லாவற்றிலும் பாஸ். மாமாவின் முகத்தைப் பார்க்க வேணும், கோயில் திருவிழாவில் பழைய கூட்டாளியைக் கண்ட மாதிரி. விலையும் எங்கட காசுக்குள் நின்றது. தம்பி காசை எண்ணப் போனான்.

அந்த நேரம் பெரியவரின் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். பெரியவர் கிளாசை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தார், சின்னப்பிள்ளைகள் பிடிக்கிற மாதிரி. மாமாவும் அப்படியே பிடித்தார். மாமா அப்படிக் குடிப்பதை வருசக்கணக்காகப் பார்த்திருக்கிறோம், அது அவற்ர பழக்கம் என்றுதான் இருந்தோம். மாமி சேட்டுப் பொத்தான் போட்டுவிடுவதை வைத்து அவரைப் பகிடி பண்ணியும் இருக்கிறோம். ஒரே தொழில் செய்த, முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேர் ஒரே மாதிரி கிளாசைப் பிடித்ததைக் கண்ட பிறகு பகிடி வரவில்லை. "விரல் விறைக்குமோ அண்ணை?" என்று மாமா கேட்டார். "விடியப்புறத்தில கூட," என்றார் பெரியவர். அவ்வளவுதான் கதைத்தார்கள். பிறகு திரும்பவும் காபரேட்டர் பற்றிய கதை.

யோசித்துச் சொல்லுறம் என்று சொல்லிப்போட்டு வந்தோம். மாமாவுக்குக் கோபம். பஸ்ஸில் எங்களோடு கதைக்கவில்லை.

அன்றிரவு போனில் தேடி வாசித்தோம். அதிரும் கருவியைப் பிடிக்கிறவர்களின் விரலில் இரத்த ஓட்டமும் நரம்பும் கெடும் என்பது நூறு வருசத்துக்கு முதலே தெரிந்த விசயம். 1918இல் அலிஸ் ஹமில்ரன் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தியானாவில் காற்றுச் சுத்தியலால் சுண்ணக்கல் வெட்டுகிற தொழிலாளரின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். செயின் சோ பரவிய பிறகு அதே வருத்தம் காடு வெட்டுகிறவர்களுக்கு வந்தது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் வைத்து அதிர்வைக் குறைத்த மெசின்கள் வரத் தொடங்கின. பின்லாந்தில் சுவோமுஸ்சல்மி என்ற இடத்தின் காட்டுத் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 1972இல் நூற்றுக்கு நாற்பது பேருக்கு வெள்ளை விரல் இருந்தது, 1990இல் அது ஐந்து பேராகக் குறைந்தது. மரமும் குளிரும் மாறவில்லை. முக்கியமாக மாறியது மெசின்.

மாமாவின் கைக்கு மெசின்தான் காரணம் என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. அவர் ஒருநாளும் காட்டப் போகவும் இல்லை. "வயசு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். ஆனால் ஒன்று விளங்கியது. அந்தக் கொட்டிலில் மெசினுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தோம், அதைப் பிடித்த கையைப் பார்க்கவில்லை. "பழசு நிலைச்சு நிக்கும்" என்று சொல்லேக்க, நிலைத்து நிற்பது எது என்று ஆரும் கேட்பதில்லை. மெசின் நிற்கிறது, பிடித்தவரின் கைதான் போகிறது.

இன்னொன்றும் இருந்தது. எங்கட பக்கத்து மரங்களுக்கு ஒரு தனிக் குணம். வெளியில் பார்த்தால் நல்ல பனை, நல்ல வேம்பு. உள்ளே சன்னமோ ஷெல் துண்டோ இருக்கும். காயத்தை மரம் மூடி வளர்ந்துவிடும். வாள் அதில் பட்டால் பொறி பறக்கும், பல்லு உடையும், சங்கிலி அறுந்தும் வரும். அலகு நுனியின் மேல்பாதி கடினமான எதிலாவது தட்டினால் மெசின் முழுக்க முகத்துக்கு நேரே துள்ளும். கண் வெட்ட முதல் நடக்கிற காரியம். அனுபவம் உள்ள கையும் அதற்குப் பிந்தித்தான் போகும். அதற்குத்தான் 1970களில் சங்கிலி பிரேக் வந்தது. முன்பிடிக்கு முன்னால் நிற்கிற காப்பு மணிக்கட்டில் பட்டுத் தள்ளுப்பட்டால், உள்ளே ஒரு இரும்புப் பட்டி இறுகிச் சங்கிலியை நிறுத்தும். பெரியவரின் மெசினில் அது இல்லை. நாங்களும் தேடவில்லை, மாமாவின் சோதனைப் பட்டியலில் அது இல்லாதபடியால்.

அதற்காகப் புதுசெல்லாம் திறம் என்று எழுத வரவில்லை. எங்கட காசுக்கு அரைவாசிக்கும் குறைவாய் வாற பெட்டி மெசின்களைத் தம்பி மற்றவர்களிடம் பாவித்திருக்கிறான். வளவில் கொப்பு வெட்டலாம், நாள் முழுக்கப் பாலை தறிக்க ஏலாது. மறுபக்கம், விலை கூடிய இன்றைய மெசின்கள் சிலதில் காபரேட்டரைக் கம்பியூட்டர் திருத்துகிறது. பழுதானால் ஒரு திருப்புளியோடு மரத்தடியில் குந்தி இருந்து சரிப்படுத்த முடியாது. கம்பனி ஆளைத் தேடி ரவுணுக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் மாமா சொல்லுவது முழுக்கச் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடினோம். 70 சிசி அளவில், ஆறேழு கிலோவில், கையால் திருத்தக்கூடிய காபரேட்டரோடு, ரப்பரும் பிரேக்கும் உள்ளது. இழுவை 106 சிசிக்கு வராது. ஆனால் சங்கிலி வேகமாய் ஓடும், நாங்கள் வெட்டுகிற மரத்துக்கு அது காணும்.

மூன்றாவது மெசின் அப்படிக் கிடைத்தது. எட்டு வருசம் பாவித்தது. பிஸ்டன் சுத்தம், அமுக்கம் நல்லம். பதிவுப் பத்திரமும் இருந்தது. 2019இல் செயின் சோ எல்லாவற்றையும் பொலிசில் பதிய வேண்டும் என்று அறிவித்த பிறகு, பத்திரம் இல்லாத மெசினை என்ன விலைக்கும் வாங்கக் கூடாது. மெசினுக்குப் பத்திரம் இருந்தாலும் பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்கப் பிரதேச செயலகத்து அனுமதி வேறாய் வேண்டும், அதையும் மறக்கக் கூடாது.

கடைசியாகத் தம்பி பிரேக் காப்பை முன்னுக்குத் தள்ளினான். 'டிக்' என்ற சத்தம் வரவில்லை. மூடியைக் கழட்டினால் உள்ளே பட்டியே இல்லை.

"அது இடைஞ்சல் எண்டு கழட்டினது," என்றார் விற்றவர், வெட்கப்படாமல்.

"எல்லாரும் கழட்டுறதுதான். நானும் கழட்டித்தான் வெட்டினனான்," என்றார் மாமா.

"அப்ப அந்தப் பட்டி போடுற காசைக் குறையுங்கோ அண்ணை," என்றான் தம்பி. மாமாவுக்கு முன்னால் அவன் குரல் உயர்த்தாமல் மறுத்துப் பேசியதை அன்றுதான் கண்டோம். விற்றவர் முகத்தைச் சுழித்துக்கொண்டு குறைத்தார். வவுனியாவில் பட்டியும் வில்லும் வாங்கினோம். புதுச் சங்கிலி ஒன்றும் அரம் ஒன்றும் வாங்கியும் கொஞ்சக் காசு மிஞ்சியது. மிஞ்சினதில் தம்பிக்கு ஒரு கண்ணாடியும் காதடைப்பும். மாமா அதைப் பார்த்து, "இனிச் சந்திரனுக்குப் போகலாம்," என்றார்.

இப்ப மூன்று மாதம். தம்பி விடிய மெசினை எடுத்தால் முதலில் பிரேக்கைத் தள்ளிப் பார்ப்பான். பிறகுதான் கயிற்றை இழுப்பான். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிறுத்தி வைத்துவிட்டுக் கையை உதறுவான். அம்மாவின் சீட்டில் இரண்டு மாதக் காசை அவன்தான் கட்டியிருக்கிறான்.

போன கிழமை மாமா வந்தவர், "தா பாப்பம்," என்று மெசினை வாங்கி, விழுந்து கிடந்த மாங்குற்றியில் இரண்டு துண்டு போட்டார். இன்னும் நேராகத்தான் போடுகிறார். நிறுத்திவிட்டு, "என்னடா இது, பிடிச்ச மாதிரியே இல்லை," என்றார் குறை சொல்லுகிற குரலில். பிறகு குற்றியில் இருந்து தன் இரண்டு கையையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அடுத்த கிழமை வவுனியா ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறோம். இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.