"கல்" என்றாள் பாட்டி

நீங்கள் இராமேசுவரத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக மொண்டு உங்கள் தலையில் கொட்டியிருப்பார்கள். அந்தக் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கும். வடநாட்டு யாத்திரிகர்கள் அந்தத் தீர்த்தங்களைக் "குண்ட்" என்று சொல்வார்கள். இது என் தாயாருக்குத் தெரியாது.

ஒரு மாசி மாதம், அக்கினி தீர்த்தக் கடலில் முழுகி எழுந்து, ஈரப் புடவையோடு கரையில் நின்றுகொண்டிருந்தோம். வடக்கத்திப் பெரியவர் ஒருவர் அம்மாவுக்கு எதிரே வந்து நின்று, கைகூப்பி, "பாயீஸ் குண்ட்? பாயீஸ் குண்ட்?" என்றார். என் தாயார் கொஞ்சம் பூசினாற்போன்ற சரீரம். "முன்பின் தெரியாத மனுஷன், யாரைப் பார்த்துக் குண்டு என்கிறான்?" என்று அவள் கண் சிவந்துவிட்டது. பாவம், 22 தீர்த்தங்களுக்கும் வழி எது என்று கேட்டார் அவர்!

மறுநாள் விடியற்காலை சத்திரத்தில் இன்னொரு கூத்து. அடுத்த அறையில் இறங்கியிருந்த வடநாட்டுப் பெண், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து, உச்சந்தலையைத் தொட்டுக் காட்டி, "தேல்! தேல்!" என்றாள். அம்மா போட்ட கூச்சலில் சத்திரமே விழித்துக்கொண்டது. விளக்குமாற்றோடு ஓடி வந்தவர்கள் நாலு பேர். அந்தப் பெண் கேட்டதோ தலைக்குத் தடவ ஒரு சொட்டு எண்ணெய்!

இந்தக் கஷ்டமெல்லாம் நம்மைப் போல் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான். ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. சங்கும் சிப்பியும் விற்கிற கடைக்காரர் உங்களிடம் தமிழில் விலை சொல்லி, அதே மூச்சில் பக்கத்தில் நிற்பவரோடு ஹிந்தியில் பேரம் பேசி, அவருக்கும் பக்கத்தில் நிற்கும் அம்மாளை மராத்தியில் உள்ளே அழைப்பார்.

பாஷை ஒன்றாகவே இருந்தால் குழப்பமில்லை என்று நினைக்கிறீர்களா? அதுவும் இல்லை. 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை அழிக்கும் வரையில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு மண்டபம் முகாம் புகலிடமாயிற்று. அவர்கள் பேசுவதும் சாக்ஷாத் நம் தமிழேதான். ஆனால் யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருத்தி, "உங்களோடு கொஞ்சம் கதைக்க வேணும்" என்றால், நம் ஊர்க் குழந்தைகள் கதை கேட்க வட்டமாக உட்கார்ந்துவிடும். "கதைப்பது" என்றால் அங்கே பேசுவது!

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப் போவதை நினைத்தால், சிரிப்போடு கொஞ்சம் நடுக்கமும் வருகிறது.

எனக்கு ஹிந்தி தெரியும். அதாவது, தெரியும் என்று அன்று மாலை வரையில் எண்ணிக்கொண்டிருந்தேன். காந்தியடிகள் முயற்சியில் 1918-ல் பிறந்த தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையின் பரீட்சைகளில் மூன்றைப் பள்ளிக்கூட நாளிலேயே எழுதித் தேறியவள் நான். "இது புத்தகம், அது மேஜை" என்று தட்டுத் தடங்கலில்லாமல் சொல்வேன்.

அன்று மாலை மூன்றாம் பிராகாரத்தில் ஒரு தூணடியில், துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு வடநாட்டுப் பாட்டி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், "உங்கள் மனிதர்கள் எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டேன். பாட்டி மடை திறந்தாற்போல் பேசினாள். விம்மலுக்கு நடுவே எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: ஒன்று "பேட்டா," மற்றது "கல்."

பேட்டா என்றால் மகன். கல் என்றால் நேற்று. பரீட்சையில் அதற்கு மார்க்கே வாங்கியிருக்கிறேன்! ஆகையால் விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பெற்ற தாயைக் கோயிலில் தவிக்க விட்டுவிட்டு, மகன் நேற்றே ஊருக்குப் போய்விட்டான்! எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பத்திரிகைக்காரி அல்லவா? அந்தப் பாவியைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரைக்கு மனசுக்குள் தலைப்புக்கூடப் போட்டுவிட்டேன். அன்று இரவு நாங்கள் சென்னைக்கு ரயில் ஏறுவதாக இருந்தது. பாட்டியையும் கூட அழைத்துப் போய், சென்னையில் காசி வண்டியில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி பின்னால் வந்தாள். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இன்றைக்கும் நடுங்குகிறது.

சத்திரத்து அறையில் அம்மா, "வெயிலில் வாடியிருக்கிறாளே, முதலில் மோர் கொடுக்கலாம். மோர் குடிங்கம்மா, மோர்!" என்றாள். பாட்டி அழுகையை நிறுத்திவிட்டுத் திகிலோடு அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஹிந்தியில் "மோர்" என்றால் மயில்! டம்ளரைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகம் துடைக்கத் துண்டை எடுப்பதற்காகப் பையைத் திறந்தாள். உள்ளே, வாய் அடைத்த சின்னச் செப்புச் செம்பு ஒன்று இருந்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அடி பெண்ணே, இது கங்கை ஜலச் செம்பல்லவா? அடைப்பு அப்படியே இருக்கிறதே!" என்றாள்.

"இருந்தால் என்ன, அம்மா?"

"என்னவா? காசியிலிருந்து கங்கையைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும், இங்கே சேதுவில் மணல் எடுத்துப் போய்க் கங்கையில் கரைப்பதும் எத்தனையோ தலைமுறையாக நடக்கிற வழக்கம். அத்தனை தூரம் சுமந்து வந்தவர்கள் அபிஷேகம் செய்யாமலா நேற்றே கிளம்பிப் போவார்கள்?"

எனக்குச் சுரீரென்றது. ஹிந்தியில் "கல்" என்றால் நேற்று மட்டுமல்ல, நாளையும் அதுவேதான்! போனதா, வரப் போவதா என்பதை வினைச்சொல்தான் சொல்ல வேண்டும். அந்த வினைச்சொல் பாட்டியின் விம்மலில் கரைந்துபோயிற்று. நான் மறுபடி கேட்கவும் இல்லை. ஹிந்தி தெரிந்தவள் மறுபடி கேட்பாளா?

சந்நிதித் தெருச் சங்குக் கடைக்காரரிடம் பாட்டியை அழைத்துக்கொண்டு ஓடினோம். "மாதாஜி" என்று ஆரம்பித்து அவர் மூன்றே கேள்வி கேட்டார். பிறகு எங்களிடம், "தீர்த்தமாடுகிற கூட்டத்தில் மகனைத் தவறவிட்டிருக்கிறார். நாளைக் காலையில் அபிஷேகமாம். அதற்குள் மகன் வராவிட்டால் என்ன செய்வது என்றுதான் அழுகை. இறங்கியிருக்கும் சத்திரம் எது என்று தெரிகிறது, வாருங்கள்" என்று கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்த "பாவி"யைச் சத்திரத்து வாசலில் கண்டேன். மத்தியானத்திலிருந்து கடற்கரைக்கும் கோயிலுக்குமாக ஓடி, குரல் கம்மி, கண் வீங்கி நின்றான். தாயைக் கண்டதும், அவ்வளவு பெரிய ஆள், தெருவென்றும் பாராமல் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். எங்கள் ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரமே இருந்தது. அம்மா மட்டும் அந்தச் செம்பைப் பார்க்காதிருந்தால், பாட்டியோடு நாங்கள் பாம்பன் பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருப்போம். இவன் இங்கே ஒவ்வொரு தூணாகத் தேடிக்கொண்டிருப்பான்.

அவர்கள் பூரி சுட்டுப் போட்டு உபசாரம் செய்ததில் எங்கள் ரயில் போய்விட்டது. அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. புறப்படும்போது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் போய் வருகிறோம், நீங்களும் நல்லபடியாகப் போய் வாங்கம்மா" என்றாள். நானும், புத்தி வராதவளாய், அதை வார்த்தைக்கு வார்த்தை ஹிந்தியாக்கிச் சொன்னேன்.

மறுநாள் காலை கதவு தட்டும் சப்தம். திறந்தால், நெற்றி நிறைய விபூதியும் கையில் பிரசாதமுமாகப் பாட்டி நிற்கிறாள்! பின்னால் மகன். "போய்விட்டு வரச் சொன்னீர்களாமே? அபிஷேகம் முடிந்ததும் முதலில் இங்கே வர வேண்டும் என்று அம்மா பிடிவாதம்" என்று மெதுவாக, எனக்குப் புரியும்படியான ஹிந்தியில் சொன்னான்.

நான் அசடு வழிந்துகொண்டே அதை அம்மாவிடம் சொன்னேன். "ஆமாம், வரத்தானே சொன்னேன்!" என்றாள் அம்மா.

பாட்டி பாயில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, அழகாகக் கேட்டாள்:

"மோர்?"