இரண்டு விரல் அகலம்

கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது பசை வாசனை. நம் ஊரில் சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியில் வருமே, கிட்டத்தட்ட அதேதான். கிழக்கு லண்டனின் ஹாக்னியில், பாலே நடனமணிகள் கால் நுனியில் நிற்பதற்கான பாயின்ட் ஷூ செய்யும் பட்டறை. பளபளக்கும் சாட்டினுக்குள் மரக்கட்டை ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். இருந்தது சாக்குத்துணியும் காகிதமும் மாவுப் பசையும்.

ஷூவை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, பிறகு ஒரு கோலால் நெம்பிப் புரட்டுகிறார்கள். இடது, வலது என்ற பேதமே கிடையாது. பசை ஈரமாக இருக்கும்போதே நுனியைச் சுத்தியலால் தட்டிச் சமன்செய்துவிட வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தட்டுவார், ஷூவை மேசைமேல் நுனியில் நிறுத்துவார், விரலை எடுப்பார். சாய்ந்தால் இன்னும் இரண்டு தட்டு. தானாக நின்ற பிறகுதான் அது இரவெல்லாம் காய அடுப்புக்குப் போகும். அந்த நுனித் தளம் என் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது.

“இது நிக்கலைன்னா அவங்க எப்படி நிப்பாங்க?” என்றார், தலை நிமிராமலே.

1929 முதல் லண்டனில் இந்தத் தொழில் செய்யும் ஃப்ரீட் நிறுவனத்தின் பட்டறை இது; இங்கே செய்தவரின் பெயருக்குப் பதில் மணி, மீன், கிரீடம் என்று ஒரு முத்திரைதான் ஷூவின் அடியில் இருக்கும். இன்ன முத்திரைக்காரர் செய்ததுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நடனமணிகள் உண்டு. அவர் ஓய்வு பெற்றால் இவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

மாலையில் பக்கத்திலேயே ஒரு வகுப்பு. பாயின்ட் ஷூ போடத் தொடங்கி இரண்டு மூன்று வருடமான பிள்ளைகள். சங்கடமான கட்டம் இது. நுனியில் ஏற வரும். சுவரோரக் கம்பியை விடத்தான் பயம். ஒரு பெண் ஏறும்போதெல்லாம் இடுப்பு பின்னுக்குப் போனது. பயம் உடம்பைப் பின்னால் இழுக்க, எடை நுனித் தளத்தை விட்டு நழுவ, அதனாலேயே ஆட்டம் கண்டது.

ஆசிரியை அவள் கட்டைவிரலைக் கம்பியிலிருந்து எடுக்கச் சொன்னார். பிறகு சுண்டுவிரல். கடைசியில் இரண்டு விரல் சும்மா மேலே கிடந்தன.

“நிக்கறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இறங்கிப் பழகு.”

குதிகால் பொத்தென்று விழாமல், பாதத்தை மெல்ல உருட்டி இறக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதே. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, ஏறும்போது இடுப்பு பின்வாங்கவில்லை. பிறகு ஷூவைக் கழற்றச் சொல்லி, வெறுங்காலில், ஒற்றைக்காலில், கண்ணை மூடி நிற்கவைத்தார். குனிந்து கணுக்காலைப் பார்த்தேன். உள்ளே ஏதோ விடாமல் துடித்துத் துடித்துத் திருத்திக்கொண்டே இருந்தது. தூரத்தில் சிலையாகத் தெரிவது கிட்டத்தில் இப்படித்தான்.

1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடன அமைப்பாளர் பெத்திப்பா அமைத்த ‘தூங்கும் அழகி’ பாலேயில், இளவரசி அரோரா நான்கு இளவரசர்களின் கையை ஒவ்வொன்றாக விட்டு ஒற்றைக்கால் நுனியில் நிற்பாள். இங்கே நான்கு இளவரசர்களின் வேலையையும் கம்பி ஒன்றே பார்க்கிறது.

முடிந்ததும் அந்தப் பெண் தன் ஷூவின் நுனியை அமுக்கிக் காட்டினாள். வியர்வையில் பசை தளர்ந்து இட்லி மாதிரி அமுங்கியது.

“இது செத்துடுச்சு.”

வாங்கித் திருப்பி முத்திரையைத் தேடினேன். வழுக்காமலிருக்கத் தேய்க்கும் பைன் பிசின் தூளும் அழுக்கும் அப்பி, மணியா மீனா என்று தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது.